மேலே அடுப்பு, கீழே தலையிடி

இன்றுவரை எனக்கு இது முழுதாக விளங்கவில்லை. அடுப்பு இருந்தது மேலே, வரவேற்பறையில். மகள் இருந்தது கீழே, பேஸ்மென்டில். அடுப்புக்கு முன்னால் மணிக்கணக்காகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்த எனக்கும் கணவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. அந்த நெருப்பைத் திரும்பியும் பாராத பிள்ளையைத்தான் அம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

சூடான காற்று மேலே போகும், புகையும் அதனோடு மேலே போகும் என்று படித்தவள் நான். ஊரில் கொஞ்சக்காலம் அதை வேறு பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் இருக்கிறேன். அன்று எங்கள் வாசலில் நின்ற தீயணைப்பு வீரரிடம், மேலே ஒன்றும் இல்லாமல் கீழே மட்டும் எப்படி இவ்வளவு நச்சுக்காற்று என்று கேட்டேன். அவர் பொறுமையாக ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். அவருடைய ஆங்கிலம் விளங்கியது. விஷயம் விளங்கவில்லை.

இந்த நாட்டுக்கு வந்ததும் நாங்கள் முதலில் ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில், மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தோம். அங்கே சூடு சுவரிலிருந்து தானாக வரும். அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. பிறகு ஸ்காபரோவிலேயே இந்தப் பழைய செங்கல் வீட்டை வாங்கினோம். இதில் மேலே சுவருக்குள் விறகு எரிக்கும் ஒரு பயர்பிளேஸ், அதற்கு நேர் கீழே பேஸ்மென்டில் இன்னொன்று. வீட்டின் பக்கச் சுவரோடு ஒட்டி ஒரே ஒரு புகைபோக்கி உயர்ந்து நிற்கும். ஒரு புகைபோக்கி என்றால் உள்ளே ஒரு வழி என்றுதான் நினைத்திருந்தோம். இரண்டு பயர்பிளேஸுக்கும் தனித்தனியாக இரண்டு வழிகள் அந்தச் செங்கலுக்குள் பக்கத்துப் பக்கத்தில் மேலே ஏறுகின்றன என்பது எங்களுக்குத் தெரியாது. கீழ் பயர்பிளேஸின் வாயை என் கணவர் ஒரு பலகையால் மூடி வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டார். பல்கலைக்கழகம் தொடங்கியபின் மகள் கீழே அறை கேட்டாள். அந்தப் பலகையில் சின்ன விளக்குச் சரம் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டாள்.

விழுந்ததும் பனிக்கட்டியாகிற உறைமழை பெய்து மின்சாரம் நின்றுபோன ஒரு குளிர்காலத்தில், மூன்று பேரும் ஜாக்கெட்டோடு ஒரே கட்டிலில் கிடந்தோம். அதற்குப் பிறகு என் கணவருக்கு நெருப்பு ஆசை பிடித்தது. காஸ் இல்லாமல், கறண்ட் இல்லாமல் எரிகிற ஒன்று வீட்டில் வேண்டும் என்றார். விறகு வெட்ட முதுகு விடாது. கடைசியில் பெலட் அடுப்பு ஒன்றில் வந்து நின்றார். பழைய பயர்பிளேஸின் வாய்க்குள் அப்படியே தள்ளி வைக்கக்கூடிய இரும்புப் பெட்டி அது. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகளை மேலே கொட்டினால், அது தானே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எரித்துக்கொள்ளும். அதன் புகை போக, புகைபோக்கியின் உள்ளே வளையக்கூடிய உருக்குக் குழாய் ஒன்றை மேலிருந்து இறக்கவேண்டும்.

அதை இறக்கித் தந்தவர் ஒஷாவாவிலிருந்து வந்தார், எங்கள் ஆள். கணவரோடு வேலை செய்பவருக்கு ஏதோ முறையில் தம்பி. நல்ல சுறுசுறுப்பு. கூரையில் ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. எல்லாம் பூட்டி முடிந்து, தேநீர் குடித்து, கைகழுவிக்கொண்டு நிற்கும்போது சொன்னார்:

"அண்ணை, கறண்ட் போனா உதுவும் போகும். குச்சி தள்ளுறது, காத்து ஊதுறது எல்லாம் மோட்டர். தெரியும்தானே?"

"தெரியும், தெரியும்," என்றார் என் கணவர், என் பக்கம் திரும்பாமல்.

அவர் போனபின் நான் கேட்டேன், அப்படியானால் அடுத்த உறைமழைக்கு என்ன செய்வது என்று.

"போர்வையைப் போர்த்துக்கொண்டு இதுக்கு முன்னாலை இருப்பம். பாக்க வடிவாயிருக்கும்தானே."

பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு ஆடும். ஆனால் அந்தக் கண்ணாடி அடிக்கடி கறுத்துப்போனது. கணவர் துடைப்பார், அடுத்த நாள் திரும்பக் கறுக்கும். ஒஷாவாத் தம்பியிடம் தொலைபேசியில் கேட்டபோது, குச்சியை மாற்றிப் பாருங்கள் அண்ணை, சில குச்சி ஈரம் பிடித்திருக்கும் என்றார். மாற்றினோம். கறுத்தது.

எங்கள் பேஸ்மென்டில் இன்னொரு குசினி உண்டு. இங்கே எங்கள் ஆட்களின் வீடுகள் பலவற்றில் உண்டு. மேல் குசினி தேநீருக்கும் விருந்தாளிக்கும். மீன் பொரிப்பதும் கறித்தூளுக்கு மிளகாய் வறுப்பதும் கீழே. டோர்செட் பார்க்கில் இருந்தபோது, நான் கருவாடு பொரித்த ஒரு நாள் யாரோ லிஃப்டுக்குள் அதைப் பற்றிக் கடதாசி எழுதி ஒட்டியிருந்தார்கள். எந்த வீடு என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு மிளகாய் வறுப்பதென்றால் எனக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது: வீட்டு ஜன்னல்களையெல்லாம் இறுக்கிப் பூட்டவேண்டும், பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு துளி மணமும் போகக்கூடாது. கணவர் உணவகங்களில் பூட்டுவதைப்போல காற்றை வெளியே இழுத்துத் தள்ளும் ஒரு பெரிய ஃபானை அடுப்புக்கு மேல் பூட்டி, அதன் வாயைப் பின்வளவுப் பக்கம் திருப்பிவிட்டார். அது ஓடத் தொடங்கினால் படிக்கட்டுக் கதவு தானாக இழுபடும். நல்ல ஃபான் என்று நான் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

மகளுக்குத் தலையிடி வரத் தொடங்கியது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிற்றுக்கிழமைதான் நான் ஃபானைப் போட்டுவிட்டுக் கிழமை முழுவதுக்குமான கறியெல்லாம் வைப்பது; அது கொதிக்கும்போது நான் மேலே போய்விடுவேன். இதை இப்போது எழுதும்போது எவ்வளவு நேராக இருக்கிறது. அப்போது ஒன்றும் நேராக இருக்கவில்லை. வந்து வந்து போகும் தலையிடி, கொஞ்சம் தலைச்சுற்று, சாப்பாட்டில் வெறுப்பு. திங்கட்கிழமை பல்கலைக்கழகம் போனால் மாறிவிடும். கண்ணைப் பரிசோதிக்கக் கூட்டிக்கொண்டு போனேன், கண்ணில் பிழையில்லை. தண்ணீர் குடிப்பதில்லை என்று ஏசினேன். தொலைபேசியைப் பறித்து வைத்தேன். தலைக்கு எண்ணெய் வைத்தேன். திங்கட்கிழமையை நினைத்தால் தனக்கும்தான் தலையிடிக்கிறது என்றார் கணவர். எனக்கு வேறு பயங்கள். இருபது வயதுப் பிள்ளை ஞாயிறு முழுவதும் கீழே சுருண்டு படுத்திருந்தால் ஒரு தாய்க்கு என்னென்ன தோன்றும்? ஒரு நாள் கட்டிலில் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"பிள்ளை, என்னட்டைச் சொல்லக்கூடாதது ஏதும் இருக்கோ?"

அவள் தலையணையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "அம்மா, எனக்குத் தலையிடி. தட்ஸ் இட். எல்லாத்துக்குப் பின்னாலையும் ஒரு கதை இருக்காது."

நான் நம்பவில்லை. கதை இருக்கிறது, அதை என்னிடமிருந்து மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறிப்போய், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு என் மச்சாள் வந்தார். கணவரின் தமக்கை, றிச்மண்ட் ஹில்லில் இருப்பவர். கோயிலுக்குப் போய்விட்டு விபூதியோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தவர், பிள்ளையின் முகத்தைப் பார்த்தவுடன் நாவூறு என்றார், யாரோ கண் வைத்திருக்கிறார்கள் என்று. போன மாதக் கலியாணவீட்டில் பிள்ளை சேலை உடுத்தியிருந்ததை எத்தனை சனம் பார்த்தது என்று கேட்டார். எனக்கு இவற்றில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லை என்று உரத்துச் சொல்லும் அளவுக்கு அன்று என்னிடம் வேறு மருந்தும் இல்லை.

நாவூறு கழிக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். செத்தல் மிளகாயும் உப்பும் கையில் எடுத்து, பிள்ளையின் தலையைச் சுற்றி, நெருப்பில் போடவேண்டும். மிளகாய் எரிந்து நெடி மூக்கில் ஏறி இருமல் வந்தால் நாவூறு இல்லை. நெடி வராவிட்டால் பட்டிருக்கிறது. மகளைக் கீழ்க்குசினியில் கதிரையில் இருத்தினோம். அவள் மறுக்கவில்லை. மறுக்கவே தெம்பில்லாமல் இருந்தாள் என்பதை நான் அப்போது அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

மிளகாய் நெருப்பில் விழப்போகிறது என்றால் என் கை தானாக ஃபானுக்குப் போகும். போட்டேன். முழு வேகத்தில். காலையில் கறி வைத்தபோதே ஜன்னல்களெல்லாம் பூட்டியிருந்தேன். மேலே வரவேற்பறையில் பெலட் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மச்சாள் சுற்றிப்போட்டார். சட்டியில் மிளகாய் கருகிக் கரியானது. ஒருவருக்கும் இருமல் வரவில்லை.

"பாத்தீரே," என்றார் மச்சாள். "ஒரு தும்மல்கூட இல்லை. நல்லாப் பட்டிருக்கு."

 அந்த ஃபான் இரும்புத் துகளைக்கூட இழுத்துக்கொண்டு போகும், மிளகாய் நெடி எந்த மூலைக்கு? ஆனால் அந்த நிமிடத்தில் அது என் மனதில் தட்டவேயில்லை. நெடி வரவில்லை என்பது மட்டும்தான் தட்டியது. இன்னொருக்கால் செய்வோம் என்று நான்தான் சொன்னேன். இந்த முறை இரண்டு கை நிறைய. அதற்கும் நெடி வரவில்லை. கரிமணம் வீட்டில் நிற்கக்கூடாது என்று ஃபானைத் தொடர்ந்து ஓடவிட்டு நின்றோம்.

அப்போது சுவரிலிருந்த புகை அலாரம் அடித்தது. எங்கள் வீட்டில் அந்த அலாரம் அடிப்பதென்றால் சாப்பாடு ஆயத்தமாகிறது என்று பொருள். நான் கடுகு தாளித்தாலும் அடிக்கும். கணவர் வழக்கம்போல ஒரு துவாயோடு இறங்கி வந்து, அதற்குக் கீழே நின்று விசிறினார். வழக்கமாக நின்றுவிடும். நிற்கவில்லை. நெஞ்சுக்கு நேரே துவாயைப் பிடித்துக்கொண்டு, செத்தல் என்றால் இது சும்மா விடாது என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம் என்றுதான் நினைக்கிறேன்.

மகள் எழும்பப் பார்த்தாள். கால் மடிந்தது. ஓங்காளித்துச் சத்தி எடுத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் சரிந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. அதை எழுத எனக்கு வரவில்லை. கணவர் துவாயை எறிந்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு படியேறி, முன் வாசலால் பனிக்குள் ஓடினார். குளிர் காற்றுப் பட்டதும் அவள் கண்ணைத் திறந்தாள் என்று மச்சாள் கத்தியது கேட்டது. நான் அவளுடைய கோட்டை எடுக்கத் திரும்பக் கீழே போனேன். சட்டி ஆறிக் கிடந்தது. மிளகாய்ப் புகை எப்போதோ போய்விட்டது. அலாரம் மட்டும் அடித்துக்கொண்டேயிருந்தது. கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மிளகாய் முடிந்துவிட்டதே, பிறகு எதற்கு அடிக்கிறது என்று அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கேள்விதான் என்னை வெளியே ஓடவைத்தது. ஓடிக்கொண்டே அவசர உதவிக்கு 911ஐ அழுத்தினேன்.

தீயணைப்புப் படையினர் கையில் காற்றை அளக்கும் மீற்றர்களோடு உள்ளே போனார்கள். மேலே, அடுப்படியில், கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கீழே, மகளின் அறையில், மீற்றர் கத்தியது. கார்பன் மொனொக்சைட். எங்கள் அலாரம் புகைக்கு மட்டுமல்ல, இதற்கும் அடிப்பது என்று அன்றுதான் தெரிந்தது. அதற்கு மணமில்லை, நிறமில்லை என்று எனக்கே தெரியும். கீழே எந்நேரமும் எரிவது வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபேர்னஸ் ஒன்றுதான் என்பதால் முதல் சந்தேகம் அதில் விழுந்தது. காஸை நிறுத்திவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் மகளுக்கு ஒக்சிசன் வைத்தார்கள். தக்க நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கினார், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை முடிக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் எங்களுக்கு யார் சொல்வதை நம்புவதென்று தெரியவில்லை. ஃபேர்னஸைப் பார்க்க வந்தவர் அதில் ஒரு குறையும் இல்லை என்றார். ஒஷாவாத் தம்பி ஓடிவந்து தன் அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இதில் பிழையிருந்தால் முதலில் மேலே இருந்தவர்களுக்குத்தானே வந்திருக்கும் என்று கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மச்சாள் தொலைபேசியில், நாவூறு போகும்போது அப்படித்தான் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போகும் என்றார். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அன்று யாராவது எதையாவது உறுதியாகச் சொன்னால் போதும் என்ற நிலையில் இருந்தேன். ஒரு கணம் அதையும் நம்பினேன்.

கண்டுபிடித்தது மகள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மேலே சோஃபாவில்தான் படுத்தாள். நாங்கள் ஆளுக்கொரு காரணம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தவள், ஒரு மத்தியானம் எழும்பிச் சாமியறைக்குப் போய் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு கீழே இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். மேலே அடுப்பு அணைந்து கிடந்தது. அவள் அந்த வெள்ளைப் பலகைக்கு முன்னால் குந்தி, பலகைக்கும் நிலத்துக்கும் இடையிலிருந்த நீக்கலில் ஊதுபத்தியைப் பிடித்தாள். புகை நேரே மேலே போனது.

"இப்ப ஃபானைப் போடுங்கோ."

போட்டேன். புகை வளைந்தது. பலகைப் பக்கமிருந்து யாரோ ஊதுவதுபோல அறைக்குள்ளே படுத்து ஓடியது.

"குசினி ஜன்னலைத் திறவுங்கோ."

திறந்தேன். புகை மெல்ல நிமிர்ந்தது.

"ஃபான் உள்ளுக்கை இருக்கிற காத்தை எல்லாம் வெளியாலை தள்ளுது. ஜன்னல் எல்லாம் பூட்டு. அப்ப வீடு எங்கையாலும் காத்து எடுக்கத்தானே வேணும், அம்மா? உந்தப் பழைய புகைபோக்கியாலை எடுக்குது."

"எடுக்கட்டும். வெளிக்காத்துத்தானே. அதுக்குள்ளை புகை எங்காலை வந்தது?"

 கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். ஒஷாவாத் தம்பி ஏணியோடு வந்து ஏறினார், அங்கிருந்தே படம் எடுத்து அனுப்பினார். செங்கல் தலையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துவாரங்கள். இரண்டையும் சேர்த்து மூடியபடி, கால்களில் நிற்கும் ஒரே பழைய தகரத் தொப்பி. தம்பி இறக்கிய குழாய் ஒரு துவாரத்திலிருந்து கொஞ்சம் நீட்டிக்கொண்டு, அந்தத் தொப்பிக்குக் கீழேயே முடிந்திருந்தது. அடுப்பின் புகை அங்கே வந்து தகரத்தில் முட்டித் தயங்கும்போது, பக்கத்துத் துவாரம் அதை உறிஞ்சி, என் பிள்ளையின் கட்டிலடியில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. தம்பி இறங்கி வந்து ஏணியை மடக்கினார். நல்ல தொப்பி, கழற்றினால் மழை இறங்கும் என்று விட்டேன் அக்கா என்று மட்டும் சொன்னார்.

இப்போது குழாய் தொப்பியைத் தாண்டி உயரமாக நிற்கிறது. கீழ் பயர்பிளேஸின் வழியை உச்சியிலும் அடியிலும் அடைத்தாயிற்று. இந்த வேலைக்கு அனுமதியுள்ள வேறொருவர் வந்து எல்லாவற்றையும் சரிபார்த்தார். அடுப்புக்குக் காற்றுப் போதவில்லை, அதனால்தான் கண்ணாடி கறுத்தது, அப்படி அரைகுறையாக எரியும்போதுதான் நஞ்சு கூடும் என்று அதையும் திருத்திக் கொடுத்தார். நான் ஜன்னலைத் திறந்துவைத்து மீன் பொரிக்கிறேன். முதல் நாள் பக்கத்து வீட்டுத் திரைச்சீலை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பயப்படவேண்டியது இன்னும் அதுதான் என்பதுபோல.

எல்லாம் சரி. ஆனால் யார் செய்தது இது? அடுப்பு ஆசைப்பட்டவரா, தொப்பியைக் கழற்றாதவரா, ஃபானைப் போட்டவளா, லிஃப்டுக்குள் கடதாசி ஒட்டியவரா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரைப் பிடிக்கிறேன். ஒருவரும் கையில் நிற்பதில்லை.

எல்லாம் சரியென்று சரிபார்த்தவர் எழுதித் தந்த அன்றே மகள் தலையணையோடு திரும்பக் கீழே இறங்கிவிட்டாள். மேலேயே இரு என்று கெஞ்சினேன், கேட்கவில்லை. தலையிடிக்கிறதா என்று கேட்டுக் கேட்டு அவளை வெறுக்கவைத்துவிட்டேன். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்: நான் நாளுக்கு ஒரு தடவைதான் கேட்கவேண்டும், அவள் உண்மையைச் சொல்லவேண்டும். இல்லை, இல்லை, இல்லை என்று பதில் வந்துகொண்டிருந்தது. நான் கொஞ்சம் நித்திரை கொள்ளத் தொடங்கினேன்.

போன கிழமை ஒரு பின்னேரம் கேட்டேன். அவள் கணினியிலிருந்து முகத்தை எடுத்து, கொஞ்சம் யோசித்தாள்.

"ஓம். கொஞ்சம் இடிக்குது."

அறைக்கு ஒன்றாகப் புது மீற்றர்கள் வாங்கி வைத்திருக்கிறோம். எல்லாம் பூச்சியம் காட்டின. அடுப்பு எரியவில்லை, ஃபான் ஓடவில்லை. இதையெல்லாம் நான் பார்த்தேன், பார்த்தபின்பும் அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனேன். அவள் தகப்பனின் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலில் சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு, காருக்குப் பக்கத்தில் பனியில் நின்றாள். நான் அவளுடைய கண்ணைப் பார்த்தேன், உதட்டைப் பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அம்மா, எல்லாம் பூச்சியம். நாளைக்கு எனக்கு எக்ஸாம். இது வெறும் தலையிடி."

"வெறும் தலையிடி எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

 அவள் மூச்சைப் புகையாக விட்டாள்.

"தெரியாது," என்றாள். "அண்டைக்கும் எனக்குத் தெரியாதுதானே."

உள்ளே போகலாம் என்று நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஜாக்கெட்டின் ஒரு பக்கத்தை விரித்து என்னையும் அதற்குள் இழுத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் நின்றால் போதும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.